விரிதாளில் டி சோதனை: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

மேட்டு வயல் கரும்புக்கு இனிப்பு அதிகமா, பள்ளத்து வயல் கரும்புக்கா? தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே வெருலம், டொங்காட், ஸ்டாங்கர் பக்கத்துக் குடும்பங்களில் பாட்டன் காலத்திலிருந்தே இருக்கும் கேள்வி இது. இப்போது அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். செயல்திட்டத்துக்காகக் கை ரிஃப்ராக்டோமீட்டரோடு வயலில் இறங்கி, தண்டில் துளையிட்டு, ஒரு சொட்டுச் சாற்றைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பிரிக்ஸ் அளவைப் படிக்கிறார்கள். சாற்றில் கரைந்திருக்கும் பொருளின், பெரும்பாலும் சர்க்கரையின், விழுக்காடு அது. எண்களை எக்செலில் ஏற்றி, இரண்டு சராசரிகளை டி சோதனையால் ஒப்பிடுகிறார்கள். சிக்கல் அங்கே தொடங்குகிறது. திரையில் பிழை வருகிறது, அல்லது பிழை எதுவும் வராமல் நம்ப முடியாத விடை ஒன்று வருகிறது. முதலாவது தொல்லைதான், ஆபத்து இல்லை. இரண்டாவதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதற்காகத்தான்.

கீழே வரும் அறிகுறிகளுக்கெல்லாம் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். விளக்குவதற்காக நானே அமைத்த எண்கள் இவை; எந்த வயலின் உண்மை அளவும் அல்ல. சி நெடுவரிசையில் மேட்டு வயலின் எட்டுத் தூர்கள்: 19.2, 20.1, 18.7, 19.8, 20.4, 19.5, 18.9, 20.2. டி நெடுவரிசையில் பள்ளத்து வயலின் எட்டுத் தூர்கள்: 18.4, 19.0, 18.1, 19.3, 19.1, 18.6, 18.2, 19.3. முதல் சராசரி 19.6, இரண்டாவது 18.75, வேறுபாடு 0.85. இன்மைக் கருதுகோள் சொல்வது இதுதான்: உண்மையில் இரண்டு வயலுக்கும் சராசரி ஒன்றே, கண்ணில் படும் 0.85 தற்செயலாக விழுந்தது. அந்தக் கருதுகோள் சரியாக இருந்தால் இவ்வளவு வேறுபாடோ இதைவிடப் பெரிதோ வருவது எவ்வளவு அரிது என்பதைப் பி மதிப்பு காட்டுகிறது.

சூத்திரம் இது: =டி.டெஸ்ட்(சி2:சி9;டி2:டி9;2;3). பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் =T.TEST(C2:C9;D2:D9;2;3) என்று தட்டுங்கள். மூன்றாவது இடத்தில் உள்ள 2 இருபக்கச் சோதனையைக் குறிக்கும். நான்காவது இடம் சோதனையின் வகை: 1 என்றால் இணைகள், 2 என்றால் சிதறல் (எண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) சமமாக உள்ள இரண்டு தனிக் குழுக்கள், 3 என்றால் சிதறல் சமமாக இருக்கத் தேவையில்லாத இரண்டு தனிக் குழுக்கள். மேலே உள்ள எண்களுக்கு விடை 0.01-க்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 0.0096 வர வேண்டும். உங்கள் விரிதாளில் இதைத் தட்டிப் பாருங்கள். இந்த விடை வந்தால் சூத்திரம் எழுதும் முறை சரி. கோளாறு உங்கள் தரவில் இருக்கிறது.

சூத்திரத்தை எக்செல் ஏற்க மறுக்கிறது

உறுப்புகளுக்கு நடுவே காற்புள்ளி போட்டிருப்பீர்கள். விண்டோஸில் நாட்டு அமைப்பு தென்னாப்பிரிக்கா என்று இருந்தால் தசமக் குறியே காற்புள்ளிதான். சூத்திரத்தின் உறுப்புகளைப் பிரிப்பது அரைப்புள்ளி. அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்து 2,3 என்று நீங்கள் தட்டினால், எக்செல் அதை இரண்டு தசம் மூன்று என்று ஒரே எண்ணாகப் படிக்கிறது. பிறகு எப்படிக் கணக்குப் போடும்? காற்புள்ளிகளை அரைப்புள்ளியாக மாற்றினால் தீர்ந்தது.

காற்புள்ளியே வேண்டும் என்பவர்கள் கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதிக்குப் போய், கூடுதல் அமைப்புகளில் தசமக் குறியைப் புள்ளியாகவும் பட்டியல் பிரிப்பானைக் காற்புள்ளியாகவும் மாற்றலாம். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கூகுள் ஷீட்ஸில் இந்த அமைப்பு கணினியைப் பொறுத்ததன்று, கோப்பைப் பொறுத்தது. கோப்பின் அமைப்புகளில் நாட்டைப் பாருங்கள். நண்பர் பகிர்ந்த கோப்பு வேறு நாட்டு அமைப்பில் இருக்கலாம்.

இக்கட்டுரையில் தசமத்துக்குப் புள்ளி இட்டிருக்கிறேன். உங்கள் திரையில் அது காற்புள்ளியாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

பிழை எதுவும் இல்லை, ஆனால் விடை எதிர்பார்த்ததற்கு வெகு தூரத்தில் இருக்கிறது

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நம் ஊரில் பள்ளிப் பாடத்தில் தசமத்துக்குக் காற்புள்ளி; கணிப்பானிலும் அளவுக்கருவியிலும் வெளிநாட்டு மென்பொருளிலும் புள்ளி. இரண்டு பழக்கங்களும் ஒரே கையில் இருக்கின்றன. காற்புள்ளியை எதிர்பார்க்கும் விரிதாளில் யாராவது 20.1 என்று புள்ளி வைத்துத் தட்டினால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாக வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு எண் போலவே தெரியும். ஆனால் டி.டெஸ்ட் அந்தக் கட்டத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். எச்சரிக்கை கிடையாது.

இதன் விளைவு எவ்வளவு பெரிது என்று பாருங்கள். நம் மேட்டு வயலில் 20.1, 20.4, 20.2 ஆகிய மூன்றை மட்டும் வேறொருவர் புள்ளி வைத்துத் தட்டினார் என்று கொள்வோம். சோதனையில் மிஞ்சுவது ஐந்து எண்கள். சராசரி 19.6-இலிருந்து 19.22-க்கு இறங்குகிறது, வேறுபாடு 0.47 ஆகச் சுருங்குகிறது. பி மதிப்பு 0.01-க்குக் கீழிருந்து சுமார் 0.1-க்கு ஏறுகிறது. "வேறுபாடு நிரூபணமாகவில்லை" என்று எழுதி அறிக்கையைக் கொடுத்துவிடுவார்கள். மூன்று தசமக் குறிகள் ஒரு முடிவையே புரட்டிவிட்டன.

கண்டுபிடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, நெடுவரிசையின் சீரமைப்பை நீக்கிவிட்டுப் பாருங்கள்: எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி அழகுபடுத்தியிருந்தால் இந்தத் துப்பு மறைந்துவிடும். ஆகவே கணக்கு முடியும்வரை அழகுபடுத்தாதீர்கள். இரண்டாவது, எண்களை மட்டும் எண்ணும் கவுண்ட் சூத்திரத்தையும், காலியாக இல்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும் கவுண்ட்ஏ சூத்திரத்தையும் நெடுவரிசையின் கீழே அடுத்தடுத்துப் போடுங்கள். ஒன்றில் 5, மற்றதில் 8 என்று வந்தால் மூன்று எண்கள் காணாமல் போயின. மூன்றாவது, எது போனது என்று தெரிய, பக்கத்து நெடுவரிசையில் இஸ்நம்பர் சூத்திரத்தை இழுத்துவிடுங்கள்.

சரிசெய்ய நம்பர்வேல்யூ என்னும் சூத்திரம் இருக்கிறது. எழுத்தாக உள்ள எண்ணைக் கொடுத்து, அதில் தசமக் குறி புள்ளி என்று சொன்னால், கணினியின் நாட்டு அமைப்பு எதுவாக இருந்தாலும் எண்ணாக மாற்றித் தரும். எக்செல் 2013 முதல் உண்டு. கட்டங்கள் குறைவாக இருந்தால் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றினாலே போதும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய எண்களில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வரும். சாதாரண இடைவெளி அன்று, 160 என்னும் குறியெண் கொண்டது. டிரிம் சூத்திரம் அதை நீக்காது. அதைச் சப்ஸ்டிட்யூட் கொண்டுதான் அகற்ற வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. தசமக் குறியே விழாமல் 19.5 என்பது 195 ஆகிவிடும். அப்போது மேட்டு வயல் சராசரி 41-ஐத் தாண்டும். வேறுபாடு 22-க்கும் மேல்! பி மதிப்பு நிச்சயம் சிறியதாக வரும் என்று தோன்றும். வருவதோ 0.33. அந்த ஒற்றை எண் சராசரியைத் தூக்கியதைவிடச் சிதறலை அதிகமாகப் பெருக்கிவிட்டது. வேறுபாடு பிரம்மாண்டமாக இருந்தும் பி மதிப்பு பெரிதாக இருக்கிறது என்றால், மேக்ஸ், மின் இரண்டையும் போட்டு மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் பாருங்கள். தவறு என்று தெரிந்த எண்ணை வயல் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பிடிக்காத எண் என்பதற்காக எதையும் அழிக்காதீர்கள்.

வடிகட்டியால் மறைத்த வரிசைகளையும் டி.டெஸ்ட் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். மறைத்ததை நீக்கியதாக நினைக்க வேண்டாம். தேவையானவற்றை மட்டும் வேறு இடத்தில் ஒட்டிக் கணக்கிடுங்கள்.

கட்டத்தில் ஒரு பிழைக் குறி நிற்கிறது

இவை எளிது. #டிவ்/0! வந்தால், ஏதாவது ஒரு குழுவில் எண் என்று இரண்டு கூடத் தேறவில்லை, அல்லது எண்களில் சிதறலே இல்லை. நெடுவரிசை முழுவதும் எழுத்தாக இருந்தாலும் இதுதான் வரும். மேலே சொன்னதைப் பாருங்கள். #என்/ஏ வந்தால், வகை 1 கேட்டிருக்கிறீர்கள், ஆனால் இரண்டு நெடுவரிசைகளின் நீளம் வேறுபடுகிறது. #நம்! என்றால் பக்கங்களின் எண்ணிக்கை 1, 2 தவிர வேறு ஏதோ. #வேல்யூ! என்றால் மூன்றாவது அல்லது நான்காவது உறுப்பு எண்ணாக இல்லை. #நேம்? என்றால் சூத்திரத்தின் பெயரில் எழுத்துப் பிழை, அல்லது 2010-க்கு முந்தைய எக்செல். பழைய பதிப்பில் புள்ளி இல்லாமல் டிடெஸ்ட் என்று தட்டுங்கள்.

பி மதிப்பு 3.5 என்று வருகிறது

நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது. கட்டத்தில் உள்ளதை முழுவதும் படித்துப் பாருங்கள், 3.5-க்குப் பின்னால் ஈ-05 என்று இருக்கும். தசமக் குறியை ஐந்து இடம் இடப்பக்கம் நகர்த்துங்கள்: 0.000035. கட்டத்தின் வடிவத்தை எண் என்று மாற்றி ஆறு தசம இடம் கொடுத்தால் குழப்பம் போய்விடும். இரண்டு தசம இடம் மட்டும் காட்டும்போது 0.00 என்று தெரிந்தாலும், அறிக்கையில் பூச்சியம் என்று எழுதாதீர்கள்; 0.001-க்குக் குறைவு என்று எழுதுங்கள்.

டேட்டா அனாலிசிஸ் பொத்தானே இல்லை. அல்லது அதன் விடை மாறவே மாட்டேன் என்கிறது

சூத்திரம் எழுதாமலே டி சோதனையை அட்டவணையாகத் தரும் அனாலிசிஸ் டூல்பேக் எக்செலோடு வந்தாலும் தானாக இயங்காது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே உள்ள கோ பொத்தானை அழுத்தி, அனாலிசிஸ் டூல்பேக்குக்கு நேராக டிக் போட வேண்டும். பிறகு டேட்டா தாவலின் வலக்கோடியில் பொத்தான் தோன்றும்.

அதன் விடை அச்சடித்த தாள் போன்றது. தரவில் ஒரு எண்ணைத் திருத்தினால் டி.டெஸ்ட் சூத்திரம் உடனே மாறும், டூல்பேக் அட்டவணை மாறாது. திருத்தியபின் மறுபடி ஓட்டுங்கள். பழைய அட்டவணையை அழித்துவிடுவது நல்லது. இரண்டும் ஒரே தாளில் இருந்தால் எது புதிது என்று ஒரு வாரம் கழித்து யாருக்கும் தெரியாது.

அட்டவணையில் ஆப்சர்வேஷன்ஸ் என்ற வரியை முதலில் படியுங்கள். 8 இருக்க வேண்டிய இடத்தில் 7 இருந்தால், தலைப்பு இல்லாத பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு லேபில்ஸ் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறீர்கள். முதல் எண்ணைத் தலைப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. தலைப்பைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து டிக் போட மறந்தால், எண் அல்லாத தரவு இருக்கிறது என்று அதுவே சொல்லி நின்றுவிடும். எழுத்தாக மாறிய எண்களையும் டூல்பேக் அப்படியே சொல்லிக் காட்டிவிடும். இந்த ஒரு விஷயத்தில் அது சூத்திரத்தைவிட நேர்மையானது.

பட்டியலில் இசட் சோதனையும் இருக்கிறது. அதற்கு உண்மையான சிதறல் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எட்டுத் தூர்களை அளந்தவருக்கு அது தெரியாது, தொட வேண்டாம்.

ஒரே தரவு, இரண்டு பேருக்கு இரண்டு விடை

வித்தியாசம் நான்காவது தசம இடத்தில் மட்டும் என்றால் இருவரும் சரி. சிதறல் சமமில்லாத வகையில், டி.எஃப். (விடுதலைப் பாகை, மாதிரியின் அளவைப் பொறுத்தது) என்று திரையில் காணும் எண் முழு எண்ணாக வராது. நம் எடுத்துக்காட்டில் அது 13.18. டி.டெஸ்ட் அதை அப்படியே வைத்துக் கணக்கிடும், டூல்பேக் 13 என்று முழுமையாக்கிக் கணக்கிடும்.

ஒருவர் வகை 2, மற்றவர் வகை 3 போட்டிருந்தாலும் விடை மாறும். நம் எண்களில் அந்த மாற்றம் 0.0091-க்கும் 0.0096-க்கும் இடையிலானது, பெரிதல்ல. இரண்டு குழுக்களிலும் எண்ணிக்கை சமமாக இருப்பதே காரணம். ஒரு பக்கம் ஐந்து தூர், மறுபக்கம் முப்பது தூர், அதிலும் ஐந்து தூர்கள்தான் அதிகம் சிதறியிருக்கின்றன என்றால், வகை 2 தரும் பி மதிப்பு இருக்க வேண்டியதைவிடச் சிறியதாகிவிடும். இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் காட்டும். முதலில் எஃப் சோதனை செய்து சிதறல் சமமா என்று பார்த்துவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள் என்று பல பாடக்குறிப்புகள் சொல்கின்றன. சிறிய மாதிரிகளில் எஃப் சோதனைக்கே வேறுபாட்டைப் பிடிக்கும் வலு குறைவு. அதை வாசலில் காவலுக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெல்ச் 1947-இல் வெளியிட்ட முறைதான் வகை 3. தனிக் குழுக்கள் என்றால் எப்போதும் அதையே போடுங்கள். சிதறல் சமமாக இருந்தாலும் அதனால் இழப்பது மிகச் சொற்பம்.

பி மதிப்பு சரியாகப் பாதியாக இருக்கிறது

மூன்றாவது இடத்தில் 1 போட்டிருக்கிறீர்கள். நம் எடுத்துக்காட்டில் 0.0048 வரும். மேட்டுக் கரும்புக்குத்தான் இனிப்பு அதிகம் என்ற திசையை வயலில் இறங்கும் முன்பே எழுதி வைத்திருந்தால் ஒருபக்கச் சோதனை செல்லும். எண்களைப் பார்த்த பிறகு, 0.08-ஐ 0.04 ஆக்குவதற்காக 2-ஐ 1 ஆக்குவது செல்லாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டி.டெஸ்ட் திசையைப் பார்ப்பதில்லை. எந்த நெடுவரிசையை முதலில் கொடுத்தாலும் வேறுபாட்டை நேர்மறையாகவே எடுத்துக்கொள்ளும். பள்ளத்துக் கரும்பே இனிப்பு என்று நீங்கள் கருதியிருந்தாலும் அதே 0.0048 தான் வரும். எண்கள் உங்கள் கருத்துக்கு நேர் எதிராக நிற்கும்போது, அதை ஆதரிப்பது போன்ற விடையை எக்செல் நீட்டுகிறது. உண்மையில் அங்கே ஒருபக்கப் பி மதிப்பு 0.995. ஆகவே ஒருபக்கச் சோதனை செய்தால் இரண்டு சராசரிகளையும் பக்கத்தில் எழுதி, எது பெரிது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் விளைச்சல் கூடியிருக்கிறது, ஆனால் பி மதிப்பு 0.7

இணைகளைத் தனிக் குழுக்களாகப் போட்டுவிட்டீர்கள். ஆறு சிறு விவசாயிகள், ஒவ்வொருவரும் தம் வயலின் ஒரு பாதியில் பழைய உரம், மறுபாதியில் புதிய உரம் போட்டார்கள் என்று கொள்வோம். பழைய உரத்தில் ஹெக்டேருக்கு 52, 71, 60, 83, 45, 66 டன். புதியதில் அதே வரிசையில் 55, 73, 64, 85, 49, 69. ஆறு பேருக்கும் கூடியிருக்கிறது. 2 முதல் 4 டன் வரை, சராசரியாக 3. தனிக் குழுக்களாகச் சோதித்தால் பி மதிப்பு 0.70. இணைகளாகச் சோதித்தால் 0.001-க்கும் கீழே.

காரணம் தெளிவு. 45 டன் எடுப்பவரின் நிலமும் 83 டன் எடுப்பவரின் நிலமும் வேறு வேறு. அந்த வேறுபாட்டின் முன்னால் 3 டன் காணாமல் போய்விடுகிறது. இணைச் சோதனை ஒவ்வொரு விவசாயியையும் அவரோடு மட்டுமே ஒப்பிடுகிறது. சந்தேகம் இருந்தால் மூன்றாவது நெடுவரிசையில் கழித்தலைப் போட்டுப் பாருங்கள்: 3, 2, 4, 2, 4, 3. இணைச் சோதனை பார்ப்பது இந்த ஆறு எண்களை மட்டும்தான்.

ஆனால் இணை என்பது தரவு பிறந்த விதத்தில் இருக்க வேண்டும். மேட்டு வயலின் முதல் தூருக்கும் பள்ளத்து வயலின் முதல் தூருக்கும் ஒரே வரிசையில் இருப்பது தவிர எந்த உறவும் இல்லை. அங்கே வகை 1 தவறு. இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: ஒரு நெடுவரிசையை மட்டும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் தகவல் ஏதாவது கெடுகிறதா? கெட்டால் இணை, கெடாவிட்டால் தனிக் குழுக்கள். உண்மையான இணைத் தரவில் இதைச் செய்தே பார்த்துவிடாதீர்கள். யாருடைய எண் எது என்பது அழிந்துவிடும், எக்செல் அதையும் சொல்லாது.

பி மதிப்பு நம்ப முடியாத அளவுக்குச் சிறியது

மகிழ்ச்சி அடைவதற்கு முன், உங்கள் விரிதாளில் ஒவ்வொரு வரிசையும் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். ஒரே வயலின் நாற்பது தண்டுகளை அளந்து நாற்பது வரிசைகளாக ஏற்றியிருந்தால், அவை நாற்பது தனித்தனிச் சாட்சிகள் அல்ல. ஒரே மண், ஒரே மழை, ஒரே நடவு நாள், ஒரே கை. ஒரே தண்டில் மூன்று கணுக்களை அளந்து மூன்று வரிசைகளாக எழுதுபவர்களும் உண்டு. முற்றாத கரும்பில் அடிப்பகுதி நுனியைவிட இனிப்பு என்பது கடித்துப் பார்த்த குழந்தைக்கே தெரியும். அங்கே அளக்கப்படுவது வயலின் வேறுபாடே அல்ல.

நாம் தொடக்கத்தில் வைத்துக்கொண்ட எடுத்துக்காட்டையே இப்போது இந்தக் கண்ணோடு பாருங்கள். எட்டும் எட்டும் பதினாறு தூர்கள், ஆனால் வயல்கள் இரண்டே இரண்டு. 0.0096 என்னும் பி மதிப்பு அந்த இரண்டு வயல்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. "மேட்டு நிலக் கரும்புக்கு இனிப்பு அதிகம்" என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. அந்த மேட்டு வயல் மூன்று மாதம் மூத்த பயிராக இருந்திருக்கலாம். வேறு ரகமாக இருந்திருக்கலாம். நம் பக்கத்தில் நெடுங்காலம் நின்ற என்.சி.ஓ. 376 ரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் கலப்பு செய்த விதை இங்கே வந்து, மவுன்ட் எட்ஜ்கோம் ஆராய்ச்சி நிலையத்தில் முளைத்து, பல நிலங்களில் பல பருவங்கள் சோதிக்கப்பட்ட பிறகே விவசாயியின் கைக்கு வந்தது. ஒரு வயலைப் பார்த்து யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

திருத்தும் வழி விரிதாளில் தொடங்கி வயலில் முடிகிறது. முதலில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரே ஒரு சராசரி எடுங்கள்; வயலின் பெயர் ஒரு நெடுவரிசையில் இருந்தால் ஆவரேஜ்இஃப் சூத்திரமோ பிவட் டேபிளோ நொடியில் தரும். பிறகு அந்த வயல் சராசரிகள் மீது டி சோதனை செய்யுங்கள். மேட்டில் ஆறு வயல், பள்ளத்தில் ஆறு வயல் என்றால் சோதனையின் அளவு ஆறும் ஆறும். தூர்கள் எத்தனை அளந்தாலும் அதே. ஒரே பண்ணையில் மேடும் பள்ளமும் இருந்தால் பண்ணைவாரியாக இணையாக்குங்கள், இன்னும் நல்லது. வயல் இரண்டே இருந்தால் அந்த வரம்பைத் திறந்து எழுதுங்கள்.

மாதிரி சிறிதாகிவிடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். டி சோதனை பிறந்ததே சிறிய மாதிரிக்காகத்தான். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், சொற்பமான அளவுகளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்தவர். 1908-இல் ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் இதை வெளியிட்டார். அளவுகள் குறைவாக இருப்பதை அவருடைய சூத்திரம் தாங்கும். ஒன்றையே பலவாக எண்ணுவதைத் தாங்காது.

மூன்று ரகங்கள், மூன்று டி சோதனை, ஒன்றில் மட்டும் 0.04

ஒவ்வொரு சோதனையிலும் நூற்றுக்கு ஐந்து தற்செயல் வாய்ப்பு என்றால் மூன்றும் சேர்ந்து நூற்றுக்குப் பதினான்கை நெருங்கும். மூன்று குழுக்களுக்கு டூல்பேக்கில் உள்ள ஒற்றைக் காரணி அனோவாவை, அதாவது பல சராசரிகளை ஒரே சோதனையில் ஒப்பிடும் முறையை, முதலில் ஓட்டுங்கள்.

"வேறுபாடு இல்லை" என்று எழுதியதற்கு ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டார்

பி மதிப்பு 0.07 வந்திருக்கும். அது வேறுபாடு இல்லை என்று சொல்லவில்லை. இந்த அளவுகளை வைத்துத் தற்செயலை விலக்க முடியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அதேபோல 0.0096 என்பது உங்கள் கருத்து 99 விழுக்காடு உண்மை என்பதும் அல்ல.

இரண்டு குழப்பங்களுக்கும் மருந்து ஒன்றுதான்: பி மதிப்பை மட்டும் எழுதாமல், வேறுபாட்டையும் அதன் நம்பக எல்லைகளையும் (உண்மையான வேறுபாடு எதற்கும் எதற்கும் இடையில் இருக்கக்கூடும் என்பதை) எழுதுவது. எக்செலில் தனிச் சூத்திரம் இல்லை, நாமே கட்டலாம். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சிதறலைத் தரும் வார்.எஸ் சூத்திரம் போட்டு, வருவதை அதன் எண்ணிக்கையால் வகுத்து, இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். நம் எண்களுக்கு 0.281. இதுதான் வேறுபாட்டின் திட்டப் பிழை. வேறுபாட்டை இதனால் வகுத்தால் வருவது டி, இங்கே 3.03. பிறகு =டி.இன்வ்.2டி(0.05;13) என்று தட்டினால் 2.16 வரும், காற்புள்ளி அமைப்பில் 0,05 என்று தட்ட மறக்காதீர்கள். அங்கே 13.18 என்று கொடுத்தாலும் எக்செல் தசமப் பகுதியை வெட்டிவிட்டு 13 என்றே எடுத்துக்கொள்ளும். திட்டப் பிழையையும் 2.16-ஐயும் பெருக்கினால் 0.61. வேறுபாடு 0.85-இலிருந்து கீழே 0.24, மேலே 1.46.

இப்போது பேசத் தகுந்த விஷயம் கையில் இருக்கிறது. பிரிக்ஸில் 0.24 மட்டும் கூடினால் ஒரு குடும்பத்துக்கு அதனால் பயன் உண்டா? 1.46 கூடினால்? ஆலை எடைக்கு மட்டும் காசு தருவதில்லை. ஆர்.வி. (மீட்கத்தக்க மதிப்பு) என்னும் அளவில் சுக்ரோஸிலிருந்து மற்றக் கரைபொருளுக்கும் நாருக்கும் கழித்த பிறகே விலை வருகிறது. ஆகவே பிரிக்ஸ் கூடியது என்பதை வருமானம் கூடியது என்று எழுதாதீர்கள். எல்லைகள் பூச்சியத்தைத் தொட்டுக்கொண்டு, மறுமுனையில் பெரிய எண் வரை நீண்டால், அதை "வேறுபாடு இல்லை" என்று சுருக்காமல் "இன்னும் அதிக வயல்களை அளக்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

அறிக்கையில் வரி இப்படி இருக்கலாம்: "ஒரு மேட்டு வயலிலும் ஒரு பள்ளத்து வயலிலும் எட்டெட்டுத் தூர்களை அளந்தோம். சராசரிப் பிரிக்ஸ் 19.6, 18.75, வேறுபாடு 0.85, 95 விழுக்காடு நம்பக எல்லைகள் 0.24 முதல் 1.46 வரை, வெல்ச் டி சோதனை, இருபக்கம், டி 3.03, டி.எஃப். 13.18, பி 0.0096. வயல்கள் இரண்டே என்பதால் இந்த முடிவு பிற மேட்டு நிலங்களுக்குப் பொருந்தும் என்று கூற இயலாது." இந்தக் கடைசி வாக்கியத்தை மதிப்பெண் குறையும் என்று அஞ்சி நீக்கிவிடாதீர்கள்.